பவளத்திட்டுகளை மீட்க வருவது யார்? மரபணு ஆய்வுகள் தரும் விடையும் எச்சரிக்கையும்

புது தில்லி: 2024-ஆம் ஆண்டு கோடையில் லட்சத்தீவுக் கடலின் பவளங்கள் பெருமளவில் வெளிறின. 2023 அக்டோபர் இறுதியிலிருந்து நீடித்த கடல் வெப்ப அலையே இதற்குக் காரணம் என்று மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் தெரிவித்தது. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளிலும் இத்தீவுகள் இதே பாதிப்புக்கு உள்ளாயின. அகத்தி, கட்மத், கவரத்தி ஆகிய தீவுகளில் 1998 முதல் 24 ஆண்டுகள் நடைபெற்ற கண்காணிப்பில், உயிருள்ள பவளத்தின் பரப்பு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருப்பது தெரியவந்தது.

வெப்பம் மிகும்போது பவளங்கள் தம் உடலுக்குள் வாழ்ந்து உணவளிக்கும் நுண்பாசிகளை வெளியேற்றிவிடுகின்றன. அதனால் நிறமிழந்து பட்டினியில் வாடும் பவளங்களில் பல மடிகின்றன. அவ்விடத்தை நிரப்பப் புதிய உயிர்கள் எங்கிருந்து வரும்? அதே திட்டில் எஞ்சியவற்றிலிருந்தா, அண்டைத் தீவிலிருந்தா, தொலைதூரக் கடலிலிருந்தா? இக்கேள்விக்கான விடையை அறிவியலாளர்கள் அவ்வுயிர்களின் மரபணுக்களில் தேடி வருகின்றனர்.

அசையாத பெற்றோர், பயணிக்கும் பிள்ளைகள்

பவளம், மாபெரும் சிப்பி, கடல் அட்டை, நட்சத்திர மீன், சிங்கி இறால் ஆகிய அனைத்தும் முதுகெலும்பற்ற உயிரினங்கள். வளர்ந்த பின் இவற்றில் சில ஓரிடத்தில் ஒட்டி நிற்கும்; சில மெல்ல ஊர்ந்து செல்லும். எனவே பெரும்பாலானவை வெகுதூரம் இடம்பெயர்வது லார்வா எனப்படும் இளம் பருவத்தில் மட்டுமே. கண்ணுக்கு எளிதில் புலப்படாத அந்த லார்வாக்கள் நீரோட்டத்தில் மிதந்து சென்று, தக்க இடம் கிடைத்ததும் அங்கே தங்கி வளர்கின்றன.

மிதக்கும் காலம் இனத்துக்கு இனம் மாறுபடும். தாயின் உடலுக்குள்ளேயே கரு வளரும் பவள இனங்களின் லார்வாக்களில் பல, வெளிவந்த சில மணி நேரத்திலேயே பாறையில் ஒட்டிக்கொள்கின்றன. முட்டையையும் விந்தணுவையும் நீரில் வெளியிடும் பவளங்களின் லார்வாக்கள் பல நாள்கள் மிதக்கும். மாபெரும் சிப்பியின் லார்வா ஏறத்தாழ பத்து நாள்களும், முள்முடி நட்சத்திர மீனின் லார்வா சில வாரங்களும், சிங்கி இறாலின் லார்வா பல மாதங்களும் கடலில் அலைகின்றன.

விநாடிக்கு 25 சென்டிமீட்டர் வேகத்தில் செல்லும் நீரோட்டம் ஒரு நாளில் சுமார் 21 கிலோமீட்டர் கடக்கும். அதன்படி பத்து நாள் மிதக்கும் லார்வா 200 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாகச் செல்லலாம். ஆனால் நீரோட்டங்கள் நேர்க்கோட்டில் செல்வதில்லை. சுழல்களில் சிக்கியோ, நீர்மட்டத்தில் மேலும் கீழும் நகர்ந்தோ பல லார்வாக்கள் பிறந்த திட்டின் அருகிலேயே தங்கிவிடுகின்றன.

மரபணு ஓட்டம் என்றால் என்ன?

ஓரிடத்தில் பிறந்த உயிர் மற்றோர் இடத்தில் குடியேறி, அங்கு இனப்பெருக்கம் செய்து தன் மரபணுக்களை அங்குள்ள கூட்டத்தில் சேர்ப்பதே மரபணு ஓட்டம் எனப்படுகிறது. வந்து சேர்வது மட்டும் போதாது. வாழ்ந்து சந்ததி ஈன வேண்டும்.

மிதக்கும் லார்வாவைப் பின்தொடர்ந்து செல்வது இயலாத செயல். ஆகவே ஆய்வாளர்கள் வெவ்வேறு திட்டுகளில் வாழும் ஒரே இன உயிர்களிடமிருந்து சிறு திசுத் துண்டுகளைச் சேகரித்து, டி.என்.ஏ. வரிசைகளை ஒப்பிடுகின்றனர். இரு திட்டுகளில் மரபணு வடிவங்கள் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் காணப்பட்டால் அவற்றிடையே கலப்பு இருந்துள்ளது என்றும், விகிதங்கள் பெரிதும் மாறுபட்டால் அவை நெடுங்காலம் பிரிந்திருந்தன என்றும் முடிவுக்கு வருகின்றனர்.

கண்ணுக்குத் தெரியாத எல்லைகள்

கடலில் வேலிகள் இல்லை. எனவே நீண்டகாலம் மிதக்கும் உயிர்கள் எங்கும் கலந்திருக்கும் என்பதே ஒரு காலத்தில் பொதுக் கருத்தாக இருந்தது. மரபணு ஆய்வுகள் அக்கருத்தை அசைத்தன.

இந்தோனேசியத் திட்டுகளில் வாழும் ஒரு சிறு மாண்டிஸ் இறால் குறித்த ஆய்வு 2000-ஆம் ஆண்டு வெளியானது. வலுவான நீரோட்டங்கள் இணைத்தபோதிலும், ஜாவா கடல் பகுதியிலும் அதற்குக் கிழக்கே ஃபுளோரஸ் கடல் பகுதியிலும் வாழும் இறால்களின் டி.என்.ஏ. தெளிவாக வேறுபட்டிருந்தது. பனியுகத்தின் உச்சத்தில், சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பு, கடல் மட்டம் இன்றைய நிலையை விட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அப்போது சுமத்ரா, ஜாவா, போர்னியோ ஆகியவை ஆசிய நிலப்பரப்புடன் இணைந்து, இந்திய, பசிபிக் பெருங்கடல்களுக்கு இடையிலான நீர்வழியைக் குறுக்கின. மீண்டும் மீண்டும் நிகழ்ந்த இத்தகைய பிரிவின் தடங்கள் இன்றும் பல உயிரினங்களின் மரபணுக்களில் காணப்படுகின்றன.

பவளத்தை மேய்ந்து அழிக்கும் முள்முடி நட்சத்திர மீன் மற்றொரு சான்று. ஒரே பருவத்தில் கோடிக்கணக்கான முட்டைகளை இடக்கூடிய இது, செங்கடலிலிருந்து பசிபிக் வரை பரவிய ஒரே இனமாகக் கருதப்பட்டது. 2008-ஆம் ஆண்டு வெளியான மரபணு ஆய்வு, செங்கடல், வட இந்தியப் பெருங்கடல், தென் இந்தியப் பெருங்கடல், பசிபிக் என நான்கு கிளைகள் உள்ளதைக் காட்டியது. அவை பிரிந்து சுமார் 20 லட்சம் முதல் 36 லட்சம் ஆண்டுகள் ஆகியிருக்கலாம் என மதிப்பிடப்பட்டது. இந்தியக் கடலில் வாழும் முள்முடி நட்சத்திர மீனும் பசிபிக்கில் வாழ்வதும் ஒன்றல்ல என்பது இதன் பொருள்.

இந்தியாவின் நிலை

இந்தியாவின் முக்கியப் பவளத்திட்டுப் பகுதிகள் நான்கு: கட்ச் வளைகுடா, லட்சத்தீவு, மன்னார் வளைகுடா மற்றும் பாக் விரிகுடா, அந்தமான் நிகோபார் தீவுகள். மன்னார் வளைகுடாவுக்கும் அந்தமானுக்கும் இடையே ஆயிரம் கிலோமீட்டருக்கும் அதிகமான கடல் பரந்துள்ளது. கட்ச் வளைகுடாவுக்கும் லட்சத்தீவுக்கும் இடையிலான தூரமும் ஆயிரம் கிலோமீட்டரைத் தாண்டும். மகாராஷ்டிரத்தின் மால்வன் கரையிலும், கடலில் மூழ்கியுள்ள ஆங்கிரியா திட்டிலும் வாழும் பவளங்கள் அவ்வழியில் இடைத்தங்கல்களாக அமையக்கூடியவை.

லட்சத்தீவுக்குள்ளேயும் தொலைவு ஒரு பொருட்டாகிறது. ஒன்பது பாகைக் கால்வாயால் பிரிக்கப்பட்ட மினிக்காய், ஏனைய லட்சத்தீவுகளை விட மாலத்தீவின் வட முனைக்கு அருகில் உள்ளது. மேலும், வட இந்தியப் பெருங்கடலின் நீரோட்டங்கள் பருவக்காற்றுக்கு ஏற்பத் திசை மாறுபவை. தென்னிந்தியாவின் தெற்கே, கோடைப் பருவக்காற்றுக் காலத்தில் கிழக்கு நோக்கியும் குளிர்காலத்தில் மேற்கு நோக்கியும் நீரோட்டம் செல்கிறது. எனவே எந்த மாதத்தில் ஓர் இனம் முட்டையிடுகிறது என்பதே அதன் பிள்ளைகள் எத்திசையில் செல்லும் என்பதைத் தீர்மானிக்கிறது.

ஒற்றுமை என்பது உத்தரவாதம் அல்ல

இங்கேதான் முக்கியமான எச்சரிக்கை எழுகிறது. இரு திட்டுகளின் மரபணுக்கள் ஒத்திருந்தால், ஒன்று அழிந்தாலும் மற்றொன்று அதை மீட்டுவிடும் என்று எண்ணத் தோன்றும். அது சரியன்று.

மரபணு அளவில் இரு கூட்டங்கள் விலகிச் செல்லாமல் இருக்க, ஒரு தலைமுறைக்கு ஒரு சில வந்தேறிகள் இருந்தாலே போதும் என்பது மக்கள்தொகை மரபியலின் அடிப்படைக் கணக்கு. ஆனால் வெளிறி மடிந்த ஒரு திட்டில் மீண்டும் பவளம் படர்வதற்கு ஆண்டுதோறும் ஏராளமான லார்வாக்கள் வந்து சேர வேண்டும். ஆயிரம் ஆண்டுக் கணக்கில் இணைந்திருப்பது வேறு. அடுத்த வெப்ப அலைக்குள் மீண்டெழ உதவுவது வேறு. ஆகவே மரபணு வேறுபாடு தென்பட்டால் வெளி உதவியை எதிர்பார்க்க இயலாது என்பது ஏறக்குறைய உறுதி. ஒற்றுமை தென்பட்டாலோ உதவி வரக்கூடும் என்பதற்கு மேல் எதுவும் கூற இயலாது.

வெப்பத்தைத் தாங்கும் சேமிப்பு

ஒரு திட்டுக்குள் உள்ள மரபணு வேறுபாடும் அதே அளவு முக்கியமானது. ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் நடைபெற்று 2015-ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், வெப்பம் மிகுந்த வடபகுதிப் பவளங்களையும் குளிர்ந்த தென்பகுதிப் பவளங்களையும் இணைத்து லார்வாக்கள் உருவாக்கப்பட்டன. வடபகுதிப் பெற்றோரைக் கொண்ட லார்வாக்கள் வெப்பத்தில் உயிர் பிழைக்கும் வாய்ப்பு 10 மடங்கு வரை கூடுதலாக இருந்தது. வெப்பத்தைத் தாங்கும் தன்மை பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்குச் செல்கிறது என்பதையும், மரபணு ஓட்டம் அதை ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்துக்குக் கொண்டு செல்லக்கூடும் என்பதையும் இது உணர்த்துகிறது.

மறுபுறம், கிளைப் பவளங்கள் ஒடிந்த துண்டுகளிலிருந்தும் வளர்வதால், நூறு பவளங்கள் நிற்கும் திட்டிலும் ஒரு சில மரபணுத் தொகுப்புகளே இருக்கக்கூடும். பார்வைக்குச் செழிப்பாக இருந்தாலும், ஒரே நோயோ ஒரே வெப்ப அலையோ அத்தகைய திட்டை வீழ்த்திவிடலாம். ஒரே தாய்ப் பவளத்தின் துண்டுகளை மட்டும் பயன்படுத்தி நடும் மறுசீரமைப்புப் பணிகளுக்கும் இது பொருந்தும்.

பாதுகாப்புக்கு இதன் பொருள்

கட்டுப்படுத்தப்படாத கடல் அட்டைப் பிடிப்பும் இக்கணக்கோடு தொடர்புடையது. கடல் அட்டைகள் முட்டையையும் விந்தணுவையும் நீரில் வெளியிடுபவை. எண்ணிக்கை குறைந்து ஒன்றுக்கொன்று விலகி வாழ நேர்ந்தால் கருவுறுதலே அரிதாகும். அனுப்ப லார்வாக்கள் இல்லாத திட்டு, அண்டைத் திட்டுக்கும் உதவ இயலாது.

பாறை அமைக்கும் பவளங்கள், கடல் அட்டைகள், மாபெரும் சிப்பி ஆகியவற்றுக்கு 2001-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடமளிக்கப்பட்டது. 2020-ஆம் ஆண்டு லட்சத்தீவின் செரியபாணியில் 239 சதுர கிலோமீட்டர் பரப்பில் கடல் அட்டைகளுக்கென ஒரு காப்பகம் அறிவிக்கப்பட்டது.

ஒரு காப்பகத்தின் பயன் அதன் எல்லையோடு முடிவதில்லை. அங்கு பிறக்கும் லார்வாக்கள் எங்கு சென்று சேர்கின்றன என்பதையும் பொறுத்தது. பிற திட்டுகளுக்கு லார்வாக்களை வழங்கும் திட்டுகளை அடையாளம் கண்டு முதலில் காக்க வேண்டும். தனித்து நிற்கும் திட்டுகளையோ, வெளியிலிருந்து எவரும் வரமாட்டார்கள் என்ற எண்ணத்துடனேயே பேண வேண்டும். கழிவு, அளவுமீறிய மீன்பிடிப்பு, நங்கூரச் சேதம் ஆகியவற்றைத் தடுத்து, அங்கு எஞ்சியுள்ள பவளங்களை உயிருடன் வைத்திருப்பதே அத்திட்டுகளுக்கு உள்ள நம்பகமான வழி.