நகரசபை நாற்காலியில் அமர்ந்தவர்கள்

2022-ஆம் ஆண்டு மார்ச் 4-ஆம் தேதி, காவிரிக்கும் அரசலாற்றுக்கும் இடையே அமைந்த கும்பகோணத்தில், புதிதாகத் தரம் உயர்ந்த மாநகராட்சியின் முதல் மேயராகப் பொறுப்பேற்க வந்த க. சரவணன், இருபது ஆண்டளவாகத் தம் ஜீவனத்துக்கு ஆதாரமாயிருந்த ஆட்டோவிலேயே வந்து இறங்கினார். பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் அந்தக் காட்சியை நாடெங்கும் கொண்டு சென்றன. ஓர் ஆட்டோ ஓட்டுநர் மேயராவது அதிசயம் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கோ, அதை அதிசயமாகக் கருதும்படி நம் மனத்தைப் பழக்கிவிட்ட காலத்தின் நீளமே வியப்பாக இருந்தது. கும்பகோணம் நகரசபை 1866-இல் ஏற்பட்டது. கையுழைப்பால் பிழைக்கும் ஒருவர் அந்நகரத்தின் முதல் பிரஜை என்ற ஸ்தானத்தை அடைந்தது தேசமெங்கும் செய்தியாகும் நிலை, 156 ஆண்டுகளுக்குப் பிறகும் நீங்கவில்லை.

இதன் காரணத்தை அறிய வேண்டுமானால், நகரசபை என்ற ஸ்தாபனம் இந்த நெல் நாட்டில் எப்படி வேரூன்றியது என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் ஒரே 1866-ஆம் ஆண்டில் நகரசபை வந்தது. சென்னை ராஜதானியில் 1865-இல் இயற்றப்பட்ட நகர அபிவிருத்திச் சட்டம் அதற்கு அடிப்படை. அந்நாளில் அங்கத்தினர்களை ஜனங்கள் தேர்ந்தெடுக்கவில்லை, சர்க்கார் நியமித்தது, ஜில்லா கலெக்டரே பதவியின் காரணமாகத் தலைமை வகித்தார். 1882-இல் ரிப்பன் பிரபு வெளியிட்ட ஸ்தல சுயாட்சித் தீர்மானமும், அதைத் தொடர்ந்து 1884-இல் சென்னை ராஜதானியில் நிறைவேறிய ஜில்லா நகரசபைச் சட்டமும் தேர்தலுக்கு வழி திறந்தன என்பது உண்மைதான். ஆனால் அந்த வழியில் நடக்க உரிமை பெற்றவர்கள் குறிப்பிட்ட அளவு வரி செலுத்தும் ஆண்கள் மட்டுமே. வரி செலுத்த வீடு வேண்டும். வீட்டுக்குச் சொந்தக்காரனாக இருக்கப் பொருள் வேண்டும். பொருளோ, இந்த ஜில்லாவில் நிலத்தினின்று பிறந்தது.

தஞ்சை ஜில்லாவின் மிராசுதார்களில் பலர் நிலத்தைக் குத்தகைக்கும் பண்ணையாட்களின் உழைப்புக்கும் விட்டுவிட்டு நகரத்தில் வாசம் செய்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள் கும்பகோணம் காலேஜில் படித்து, பின் சட்டம் பயின்று, வக்கீல்களாகி, அதே மிராசுதார்களின் குத்தகை வழக்குகளையும் பாகப் பிரிவினை வழக்குகளையும் நடத்தினார்கள். ஆகையால் மிராசுதார் வேறு, வக்கீல் வேறு என்று பெரும்பாலும் பிரிக்க இயலாத ஒரு வர்க்கமே நகரசபையிலும் அமர்ந்தது. கிராமத்தில் யார் களத்துமேட்டில் நின்று நெல்லை அளந்து வாங்கினார்களோ, அவர்களே நகரத்தில் விளக்குக்கும் சாக்கடைக்கும் பணம் ஒதுக்கினார்கள். அந்தச் சாக்கடையைச் சுத்தம் செய்தவர்களுடைய பெயர் வாக்காளர் ஜாபிதாவில் இல்லை.

இவ்வாறு சொல்வதால் அந்நாளைய தலைவர்களைச் சிறுமைப்படுத்துவதாக யாரும் எண்ணிவிடலாகாது. 1918 முதல் சில ஆண்டுகள் தஞ்சாவூர் நகரசபையின் சேர்மனாக இருந்த ஏ. டி. பன்னீர்செல்வம், திருவாரூர்ப் பக்கத்துப் பெரும்பண்ணையூரில் 1888-இல் நிலக்கிழார் குடும்பத்தில் பிறந்து, இங்கிலாந்து சென்று பாரிஸ்டரானவர். நீதிக் கட்சியின் தூண்களில் ஒருவர். பின்னர் 1924 முதல் 1930 வரை தஞ்சை ஜில்லா போர்டின் தலைவராக இருந்தபோது, மராத்திய மன்னர்கள் ஏற்படுத்திய சத்திரங்களின் வருமானத்தை ஆதாரமாகக் கொண்ட கல்வி வசதிகள் ஒரு வகுப்பாருக்கே உரியவையாய் இருந்த நிலையை மாற்றுவதில் அவர் முனைந்தார். தாலுகா போர்டின் தலைவராக இருந்த தமிழவேள் உமாமகேசுவரனார் அம்முயற்சியில் அவருக்கு உற்ற துணை. திருவையாற்றில் சம்ஸ்கிருதத்துக்கென்று நடந்துவந்த கல்லூரி தமிழ் வித்துவான் படிப்புக்கும் இடமானது இவர்களுடைய கைங்கரியத்தால்தான். பன்னீர்செல்வம் 1940 மார்ச் 1-ஆம் தேதி லண்டனுக்குப் பறந்த வழியில், ஓமன் வளைகுடாவுக்கு மேலே விமானத்தோடு மறைந்துபோனார்.

உமாமகேசுவரனாரின் பூர்வோத்தரம் வேறு விதமானது. இளமையிலேயே பெற்றோரை இழந்து, உறவினர் ஆதரவில் வளர்ந்து, தஞ்சாவூர்க் கலெக்டர் கச்சேரியில் குமாஸ்தாவாக வேலை பார்த்து, அதன் பின்பே சட்டம் படித்து வக்கீலானவர் அவர். 1911-இல் தோன்றிய கரந்தைத் தமிழ்ச் சங்கத்துக்குத் தம் வாழ்வையே அர்ப்பணித்தவர். 'வக்கீல்' என்ற ஒரே சொல்லுக்குள் ஒரு மிராசுதார் வீட்டுப் பாரிஸ்டரையும் ஒரு முன்னாள் குமாஸ்தாவையும் அடைத்துவிட்டால், இருவரையுமே நாம் அறிந்தவர்களாக மாட்டோம். ஒரு பிரதிநிதியின் பின்னணி என்று நாம் சொல்வது பெரும்பாலும் அவருடைய தொழிலை மட்டுமே குறித்து நின்றுவிடுகிறது. அந்தத் தொழிலுக்கு அவர் எந்த வாசலால் வந்தார் என்பதே அதைவிட முக்கியம் என்பது என் அபிப்பிராயம்.

அதே காலத்தில் ஆற்றின் மேற்பகுதியில் என்ன நடந்தது என்பதையும் கவனிப்பது பயன் தரும். ஈரோட்டில் வணிகக் குடும்பத்தைச் சேர்ந்த ஈ. வெ. ராமசாமியும், சேலத்தில் வக்கீல் சக்கரவர்த்தி ராஜகோபாலாசாரியாரும் 1910-களின் இறுதியில் நகரசபைத் தலைவர்கள். தமிழ்நாட்டின் பிற்கால அரசியலைத் திருப்பிய இவ்விருவரும், குடிநீர்க் குழாய், தெரு விளக்கு, குப்பை என்ற அன்றாட விவகாரங்களிலேயே பொதுவாழ்வின் முதற்பாடத்தைக் கற்றார்கள். கொள்கையில் துருவங்களாக விலகியவர்கள், சமூகப் படியில் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நின்றவர்கள். தலைமை வகிக்கத் தகுதி என்பது அந்நாளில் ஓய்வு நேரம் உடையவருக்கே உரியது. சம்பளமில்லாத கௌரவ உத்தியோகத்தை ஏற்கக் கூடியவர், ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டாலும் வீட்டில் அடுப்பு எரியும் நிலையில் இருப்பவரே.

சுதந்திரத்துக்குப் பின் வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை வந்தது. 1952-இல் தஞ்சாவூர்க் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும் வந்து, மிராசுதாரின் பிடி தளர ஆரம்பித்தது. கட்சிகள் நகரத்தின் சந்துகளுக்குள் நுழைந்தன. ஆயினும் நகரசபைகளுக்கு ஒரு பெரும் துரதிர்ஷ்டம் காத்திருந்தது: தேர்தலே நடக்காத நீண்ட இடைவெளிகள். 1986-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களின் காலம் முடிந்த பின், 1996 வரை அடுத்த தேர்தல் இல்லை. அரசியல் சாசனத்தின் 74-ஆம் திருத்தம் 1993 ஜூன் 1-இல் அமலுக்கு வந்து, ஐந்தாண்டுக்கொரு முறை தேர்தல் என்பதை விதியாக்கிய பிறகும், 2016 அக்டோபரில் காலாவதியான நகர மன்றங்களுக்கு 2022 பிப்ரவரி 19-ஆம் தேதிதான் வாக்குப்பதிவு நடந்தது. ஐந்து ஆண்டுகளுக்கு மேல், பிரதிநிதி என்று ஒருவருமின்றி, தனி அலுவலர்களே நகரங்களை ஆண்டார்கள். பிரதிநிதிகளின் பின்னணியைப் பற்றி விசாரிக்கும் நாம், பிரதிநிதியே இல்லாதிருந்த அந்த ஆண்டுகளைப் பற்றி அதிகம் பேசாமல் கடந்துவிட்டோம். அதில் எனக்கு மிகுந்த வருத்தம் உண்டு.

அந்த 74-ஆம் திருத்தமே மூன்றிலொரு பங்கு இடங்களைப் பெண்களுக்கும், ஜனத்தொகைக்கு ஏற்ற இடங்களைத் தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் ஒதுக்கியது. தமிழ்நாடு 2016-இல் பெண்களின் பங்கைப் பாதியாக உயர்த்தியது. அதன் பயன் 2022-இல் கண்கூடாயிற்று. மாநிலத்தின் 21 மாநகராட்சிகளில் 11 மேயர் பதவிகள் பெண்களுக்கென்று குறிக்கப்பட்டன. 1688-இல் தோன்றிய சென்னை மாநகராட்சிக்கு, தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த முதல் பெண் மேயராக 28 வயது ஆர். பிரியா வந்தார். 2014-இல் மாநகராட்சியான தஞ்சாவூரில் மேயராக சண். இராமநாதனும் துணை மேயராக மருத்துவர் அஞ்சுகம் பூபதியும் அமர்ந்தார்கள். மருத்துவம் படித்த ஒரு பெண் நகராட்சிப் பொறுப்பில் அமர்வது, கொசுவும் கழிவுநீரும் நோயும் ஒன்றோடொன்று பின்னிய இந்தச் சமவெளியில், வெறும் அலங்காரம் அன்று. பெண் உறுப்பினர்கள் பலருக்குப் பதிலாகக் கணவரே வார்டில் பேசுகிறார், கணவரே மன்றக் கட்டடத்தின் தாழ்வாரத்தில் காத்து நிற்கிறார் என்ற குறை நாடெங்கும் உண்டு, அது மெய்யும்கூட. ஆனால் இரண்டாம் முறை நிற்கும் பெண்ணிடம் அந்தக் குறை தானே குறைவதையும் காண்கிறோம்.

இனிச் சரவணனிடம் வருவோம். சிறு வயதில் பெற்றோரை இழந்து, தாத்தா பாட்டியால் வளர்க்கப்பட்டவர் அவர். அந்தத் தாத்தா கும்பகோணம் நகரசபையில் உறுப்பினராக இருந்தவர் என்பதைச் செய்திகள் ஓரமாகச் சொல்லிவிட்டுப் போயின. எனக்கு அதுவே செய்தியின் மையமாகப் பட்டது. ஆட்டோ அவருக்கு வருமானம் கொடுத்தது. பொதுவாழ்வின் ஆசையையோ வீட்டுத் திண்ணை கொடுத்தது. காங்கிரஸ் கட்சியில் பல ஆண்டுகள் உழைத்து, 48 வார்டுகளில் 17-ஆம் வார்டின் உறுப்பினராக வென்றவர். மேயரை ஜனங்கள் நேராகத் தேர்ந்தெடுக்கும் முறை அப்போது இல்லை, உறுப்பினர்களே தேர்ந்தெடுப்பார்கள். தி.மு.க. தன் கூட்டணியில் கும்பகோணத்தைக் காங்கிரசுக்கு விட்டுக்கொடுத்தது. காங்கிரஸ் இவரை முன்னிறுத்தியது. ஆகவே, ஓர் ஆட்டோ ஓட்டுநரின் எழுச்சி என்று நாம் கொண்டாடும் இந்நிகழ்ச்சியில், கூட்டணித் தலைவர்களின் உடன்பாட்டுக்கும் பங்கு உண்டு. பழைய நாளில் வரிப்பட்டியல் சலித்தெடுத்தது. இன்று கட்சி சலித்தெடுக்கிறது.

ஆட்டோ ஓட்டுபவனுக்கு நகரத்தைப் பற்றி உள்ள ஞானம் சாமானியமானதன்று. ரயிலடியிலிருந்து மகாமகக் குளம் வரை எந்தத் தெருவில் மழை பெய்தால் முழங்கால் நீர் நிற்கும், பாதாளச் சாக்கடையின் எந்த மூடி உடைந்திருக்கிறது, எந்தத் தெருவில் இரவு விளக்கு எரிவதில்லை, முகூர்த்த நாளில் கோயில் வாசல்களில் வண்டிகள் எங்கே சிக்கிக்கொள்ளும் என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம். நவக்கிரகத் தலங்களுக்கு வரும் யாத்திரிகர்களின் கஷ்டத்தை அவன் அவர்கள் வாயாலேயே கேட்டவன். பன்னிரண்டு ஆண்டுகளுக்கொரு முறை மகாமகத்துக்குப் பல லட்சம் ஜனங்கள் கூடும் நகருக்கு, அடுத்த மகாமகம் 2028-இல் வரவிருக்கும் வேளையில், இப்படிப்பட்ட அறிவு பெரிய மூலதனம்.

ஆனால் அந்த அறிவை ஆணையாக மாற்றும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? மன்றம் தீர்மானம் நிறைவேற்றும். நிறைவேறிய தீர்மானத்தைச் செயலாக்கும் நிர்வாக அதிகாரம் அரசு நியமிக்கும் ஆணையரிடம் இருக்கிறது. பெரிய குடிநீர்த் திட்டமோ பாதாளச் சாக்கடைத் திட்டமோ, மாநில அரசின் நிதியையும் மத்திய அரசின் நிதியையும் எதிர்பார்த்தே நிற்கும். பாரிஸ்டர்களும் மிராசுதார்களும் சேர்மன்களாக இருந்த நாளில் அந்தப் பதவிக்கு நிர்வாகத்தின்மேல் நேரான பிடி இருந்தது. உழைப்பாளியும் பெண்ணும் தாழ்த்தப்பட்டவரும் அந்நாற்காலிக்கு வந்து சேரும்போது, அந்தப் பிடி பெரும்பாலும் கோட்டைக்குப் போய்விட்டது. இதை யாரும் சதியாகத் திட்டமிட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எளியவர்களின் கைக்கு வந்த பதவி இலேசாகிவிட்ட பதவி என்பதை மறைத்துவிட்டு அவர்களைப் பாராட்டுவது நேர்மையாகாது.

ஊதியத்தின் கதையும் இதனோடு சேர்ந்ததே. நெடுங்காலம் மன்ற உறுப்பினருக்குக் கூட்டத்துக்கு வந்தால் கிடைக்கும் அமர்வுப்படியே கதி. 2023 ஜூலை முதல்தான் மாநகராட்சி மேயருக்கு மாதம் 30,000 ரூபாயும், துணை மேயருக்கு 15,000 ரூபாயும், உறுப்பினருக்கு 10,000 ரூபாயும் மதிப்பூதியம் என்று தமிழ்நாடு அரசு வகுத்தது. காலை முதல் மாலை வரை குழாயடியிலும் வார்டு அலுவலகத்திலும் நிற்கும் ஓர் உறுப்பினர், தம் சவாரியை விட்டு, தம் கடையை விட்டு, தம் கூலியை விட்டு நிற்கிறார். பத்தாயிரம் ரூபாயில் ஒரு குடும்பம் நடவாது. நடவாத இடத்தில், ஒப்பந்தக்காரரின் தயவு மெல்ல நுழைகிறது. எளிய பின்னணியிலிருந்து வருபவரைப் போற்றுகிற சமூகம், அவர் எளியவராகவே நேர்மையோடு பதவியில் இருக்க வழி செய்ததா என்று கேட்க எனக்குத் தோன்றுகிறது.

வேட்பாளர் தம் சொத்து, கல்வி, வழக்குகள் ஆகியவற்றைப் பிரமாணப் பத்திரத்தில் தெரிவிக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 2002-இல் தீர்ப்பளித்த பின், பிரதிநிதிகளின் பின்னணி யாரும் படிக்கக்கூடிய காகிதமாகிவிட்டது. 2021 சட்டமன்றத் தேர்தலில் திருத்துறைப்பூண்டியில் வென்ற இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் க. மாரிமுத்து கூரை வீட்டில் வாழ்பவர் என்பது டெல்டாவுக்கு வெளியே உள்ளவர்களுக்கும் தெரிய வந்தது, பிரமாணப் பத்திரங்களைப் படிக்கும் பழக்கம் பரவியதால்தான். சட்டமன்ற வேட்பாளருடைய காகிதத்தைப் புரட்டுகிறவர்கள் வார்டு வேட்பாளருடையதைப் புரட்டுவதில்லை. நம் வீட்டு வாசல் சாக்கடையைத் தீர்மானிப்பவரோ பின்னவர்தான். 2022-இல் அமைந்த மன்றங்களின் ஐந்தாண்டு முடிந்து மறுபடி வேட்புமனுக்கள் வரும்போது, தஞ்சாவூரின் 51 வார்டுகளிலும் கும்பகோணத்தின் 48 வார்டுகளிலும் அந்தக் காகிதங்களைத் தெருவாசிகள் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும். தொழில் என்ற வரியோடு நிறுத்திவிடாமல், அந்த வார்டில் அவர் எத்தனை காலம் வாழ்ந்தார், எந்த வேலையை முன்னின்று செய்தார், ஜெயித்தால் எதைக் கொண்டு ஜீவிப்பார் என்று வாசலுக்கு வரும் வேட்பாளரிடமே கேட்டுவிட வேண்டும்.