கையால் பூட்டும் முன்சக்கரம்

கம்பம் பள்ளத்தாக்கை மேற்கே அணைகட்டியதுபோல் அடைத்து நிற்கும் மலைத்தொடரின் மறுபுறத்தில் இடுக்கி மாவட்டத்தின் ஏலத்தோட்டங்கள் பரந்து கிடக்க, கம்பம், கோம்பை, தேவாரம், போடிநாயக்கனூர் ஆகிய ஊர்களின் தொழிலாளர்கள் விடியுமுன் ஜீப்பில் ஏறிக் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு ஆகிய வழிகளில் அத்தோட்டங்களுக்குச் சென்று மாலையில் இறங்குவது பல பத்தாண்டுகளாக இப்பகுதியின் அன்றாட வாழ்வாக இருந்து வருகிறது. மலையேறும் நெடுஞ்சாலைகள் இன்று தார்ச்சாலைகளே. ஆயினும் அவற்றிலிருந்து பிரிந்து தோட்டங்களுக்குள் நுழையும் பாதைகள் மழைக்காலத்தில் சேறும், கோடையில் உருளும் கல்லுமாகவே இருக்கின்றன. தேனி மாவட்டத்தைச் சேர்ந்ததாயினும் கேரளத்தின் சூரியநெல்லி வழியாகவே வண்டி செல்லக்கூடிய கொழுக்குமலை தேயிலைத் தோட்டம், 7,000 அடிக்கும் மேலான உயரத்தில், ஜீப் தவிர வேறு வண்டி எளிதில் எட்டாத இடமாக உள்ளது. இத்தகைய பாதைகளில் வண்டியின் நான்கு சக்கரங்களும் இழுக்கின்றனவா, இரண்டு மட்டுமே இழுக்கின்றனவா என்பதை ஓட்டுநர் ஐயமின்றி அறிந்திருக்க வேண்டும் என்பதே, முன்சக்கரங்களில் தானியங்கிப் பூட்டை நீக்கிவிட்டுக் கையால் திருப்பும் பூட்டைப் பொருத்தும் வழக்கத்திற்கு அடிப்படைக் காரணம்.

இம்மலைகளில் சரக்கேற்றி இறக்குவது எக்காலத்திலும் கடினமான காரியமாகவே இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூணாறுத் தேயிலை டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறக்கப்பட்டு, அங்கிருந்து போடிக்குக் கொண்டுசெல்லப்பட்டது. இரண்டாம் உலகப் போருக்காக வில்லிஸ், ஃபோர்டு நிறுவனங்கள் 6 லட்சத்திற்கும் மேற்பட்ட ஜீப்புகளைக் கட்டியதும், 1947-இல் மும்பையில் மகிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்பைப் பாகங்களாகத் தருவித்துப் பூட்டத் தொடங்கியதும் மலைநாட்டுப் போக்குவரத்தை மாற்றின. போர்க்கால ஜீப்பில் முன்சக்கரத்தின் குடமும், அதாவது ஹப்பும், அதைச் சுழற்றும் ஆக்சில் தண்டும் நிரந்தரமாக ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருந்தன. ஆகவே ஓட்டுநர் பின்சக்கரங்களை மட்டும் இயக்கிச் சமவெளியில் சென்றாலும், உருளும் முன்சக்கரங்கள் ஆக்சில் தண்டு, கிரவுன் பற்சக்கரம், முன்புற புரொப்பெல்லர் தண்டு ஆகிய அனைத்தையும் வீணே சுழற்றிக்கொண்டிருக்க, பெட்ரோல் கூடுதலாகச் செலவாவதோடு தேய்மானமும் ஏற்பட்டது. போர் முடிந்தபின் பொதுமக்கள் கைக்கு வந்த ஜீப்புகளின் இக்குறையைத் தீர்க்க, அமெரிக்காவில் ஆர்தர் வார்ன் 1948-இல் பூட்டும் ஹப்புகளைத் தயாரிக்கத் தொடங்கினார். ஹப்பின் முகப்பிலுள்ள திருகியை ஒரு பக்கம் திருப்பினால் உள்ளேயுள்ள பல்வளையம் நகர்ந்து ஆக்சில் தண்டையும் சக்கரத்தையும் இணைக்கும். மறுபக்கம் திருப்பினால் இணைப்பு விலகிச் சக்கரம் தனியே உருளும்.

இவ்வேலைக்காக ஓட்டுநர் இறங்கிச் செல்ல வேண்டியதில்லை என்ற வசதிக்காகவே தானியங்கி ஹப் பின்னர் உருவாயிற்று. ஓட்டுநர் இருக்கையிலிருந்தபடியே நான்கு சக்கர இயக்கத்தைத் தேர்ந்தெடுத்ததும், சுழலத் தொடங்கும் ஆக்சில் தண்டு ஹப்பினுள் உள்ள சரிவுப்பல்லை உந்த, அது பல்வளையத்தைத் தள்ளிச் சக்கரத்தோடு பிணைக்கிறது. 2010-இல் வெளிவந்த மகிந்திராவின் ‘தார்’ ஜீப்பின் சி.ஆர்.டி.இ. டீசல் வகை இத்தகைய ஹப்புகளுடனேயே விற்கப்பட்டது. பூட்டு விலக வேண்டுமானால், இரண்டு சக்கர இயக்கத்துக்கு மாற்றியபின் வண்டியைச் சில மீட்டர் பின்னோக்கி நகர்த்த வேண்டும் என்பது இவ்வகை ஹப்புகளின் பொது இயல்பு. சமவெளியில் இது ஒரு பொருட்டல்ல; ஒரு பக்கம் பாறைச்சுவரும் மறுபக்கம் பள்ளமுமாக, பின்னால் வேறு ஜீப்புகள் வரிசையாக நிற்கும் தோட்டப்பாதையில் ஆளேற்றிய வண்டியைப் பின்னோக்கி எடுப்பது விரும்பத்தக்க காரியமே அல்ல.

இதனினும் பெரிய இடர் இறக்கத்தில் உள்ளது. மலையிறங்கும்போது பிரேக்கை மட்டுமே நம்பினால் அது சூடேறிப் பிடிப்பிழக்கும் என்பதால், குறைந்த கியரில் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்துமாறு ஓட்டுவது தேர்ந்த ஓட்டுநர்களின் முறை. ஈரமண்ணில் அந்தப் பிடிப்பு நான்கு சக்கரங்களுக்கும் பகிரப்படுவது இன்றியமையாதது. ஏற்றத்தில் ஆக்சில் தண்டு சக்கரத்தை உந்துகிறது. இறக்கத்திலோ சக்கரம் தண்டை உந்துகிறது. தானியங்கிப் பூட்டு உந்துதலின் திசையைக் கொண்டே இயங்குவதால், தேய்ந்துபோன ஹப்பிலும், பழைய வடிவமைப்புகள் சிலவற்றிலும், இந்தத் திசைமாற்றத்தின்போது பூட்டு நழுவிவிடக்கூடும். அப்போது எஞ்சினின் பிடிப்பு பின்சக்கரங்களுக்கு மட்டுமே கிட்ட, எடை முன்னோக்கிச் சாய்ந்திருக்கும் இறக்கத்தில் அப்பின்சக்கரங்களே வழுக்கத் தொடங்கும். சேற்றில் புதைந்த வண்டியை முன்னும் பின்னுமாக அசைத்து வெளியேற்றும்போதும் ஒவ்வோர் அசைவிலும் பூட்டு விலகி மீண்டும் விழுவதால், பற்கள் மோதி உடைவதுண்டு. ஆளேற்றி இறங்கும் ஜீப்பில் இதைச் சிறு குறையென்று ஒதுக்குவது சரியன்று.

மாற்றும் வேலை பெரிதன்று. ஆனால் கவனம் கேட்பது. வண்டியை ஜாக்கியில் தூக்கித் தாங்கி கொடுத்துச் சக்கரத்தைக் கழற்றியபின், ஹப்பின் முகப்பு மூடியிலுள்ள போல்ட்டுகளை எடுத்தால், ஆக்சில் தண்டின் நுனியைப் பிடித்திருக்கும் சர்க்லிப் வளையம் தெரியும். அதை இடுக்கியால் விரித்து நீக்கியதும் தானியங்கி அமைப்பு முழுவதும் கையோடு வந்துவிடும். பலரும் தவறு செய்யும் இடம் இதற்குப் பின்னரே வருகிறது. சில வண்டிகளில் தானியங்கி ஹப்பின் சரிவுப்பல் தகடு, சக்கர பேரிங்கை இறுக்கிப் பிடிக்கும் லாக் நட்டோடு சேர்ந்தே அமைந்திருக்கும். அத்தகைய வண்டியில் பழைய நட்டை அப்படியே விட்டுவிட்டுப் புதிய ஹப்பை மாட்டினால், ஒன்று புதிய ஹப் முழுதும் உட்காராது, அல்லது பேரிங் நாளடைவில் தளர்ந்துவிடும். ஆகவே அந்த வண்டிக்கே உரிய நட்டும் பூட்டு வாஷரும் சேர்ந்த தொகுப்பை வாங்க வேண்டும். சக்கரத்தைக் கையால் சுழற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, சற்றுத் தளர்த்தி, வண்டிக் கையேடு சொல்லும் அளவுக்கு மீண்டும் இறுக்கியபின், டயரின் மேலும் கீழும் பிடித்து அசைத்தால் ஆட்டம் இருக்கக்கூடாது. புதிய ஹப்பினுள் கிரீஸை மெல்லப் பூசினால் போதும். நிறைய அடைத்தால் நல்லது என்று கருதி அடைப்பவர்கள், மலைக்குளிரில் கிரீஸ் கட்டியாகித் திருகி அசைய மறுக்கும் நிலையைத் தாமே வருவித்துக்கொள்கிறார்கள். மூடியின் ரப்பர் வளையம் சரியாக அமர்ந்தால்தான் ஓடை கடக்கும்போது நீர் உட்புகாது.

பொருத்தி முடித்ததும் சக்கரம் தரையிலிருந்து தூக்கியிருக்கும் நிலையிலேயே ஒரு சோதனை செய்யலாம்: திருகியை விடுபட்ட நிலையில் வைத்துச் சக்கரத்தைச் சுழற்றினால் உட்புறத்து ஆக்சில் தண்டு அசையாமல் நிற்க வேண்டும், பூட்டிய நிலையில் அதுவும் உடன் சுழல வேண்டும். இரு பக்கத் திருகிகளும் எப்போதும் ஒரே நிலையில் இருப்பது முக்கியம். ஒன்று பூட்டியும் மற்றொன்று விடுபட்டும் இருந்தால், இரு சக்கரங்களுக்கும் விசையைப் பகிரும் டிஃபரன்ஷியல் அதைத் தடையற்ற பக்கத்திற்கே அனுப்பிவிட, நான்கு சக்கர இயக்கம் இருந்தும் இல்லாததாகிவிடும்.

இம்மாற்றத்தால் எரிபொருள் மிகுதியாகச் சேமிக்கப்படும் என்ற எண்ணம் பரவலாக இருந்தாலும் அது பொருந்தாது. நன்கு இயங்கும் தானியங்கி ஹப்பும் முன்சக்கரங்களை விடுவிக்கவே செய்கிறது. மெய்யான ஆதாயம் ஒன்று தார்ச்சாலையில் உண்டு. கொண்டை ஊசி வளைவுகளில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட நீண்ட வட்டத்தில் செல்கின்றன; முன் ஆக்சிலையும் பின் ஆக்சிலையும் ஒரே வேகத்தில் கட்டிவைக்கும் இவ்வகை வண்டிகளில் அந்த வேறுபாடு மண்ணில் சறுக்கித் தீர்ந்துவிடும், தாரில் தீராமல் தண்டுகளில் முறுக்காகச் சேரும். போடிமெட்டின் 17 வளைவுகளில் நான்கு சக்கர இயக்கத்தோடு இறங்கினால் ஸ்டீயரிங் கனப்பது இதனால்தான். கையால் பூட்டும் ஹப்புகளை விடுவித்துவிட்டால், குறைவேகக் கியரின் பிடிப்பைப் பின்சக்கரங்களில் மட்டும் பெற்று முறுக்கின்றி இறங்கலாம். அப்போது முழு விசையும் பின் ஆக்சிலையே சேர்வதால் கனத்த பாரத்தோடு ஏறுவதற்கு இம்முறை ஏற்றதன்று.

தேனிக்கும் கம்பத்துக்குமிடையே சமவெளியில் மட்டுமே ஓடும் வண்டிக்கு இந்தச் செலவு தேவையில்லை. தோட்டப்பாதை ஏறும் வண்டிக்குத் தேவை. அதன் ஓட்டுநர், சேறு வருமுன்னரே, தார் முடியும் இடத்தில் இறங்கி இரு பக்கமும் பூட்டிக்கொள்ளும் ஒழுங்கைக் கடைப்பிடிக்க வேண்டும். கோடையில் மாதக்கணக்காகப் பூட்டாமலே விட்டால் திருகி இறுகுவதோடு, முன் டிஃபரன்ஷியலின் மேற்பற்களுக்கும் சீல்களுக்கும் எண்ணெய் எட்டாமல் உலர்ந்துபோகும் என்பதால், மாதம் ஒருமுறையேனும் ஹப்புகளைப் பூட்டி, இயக்கம் மாற்றும் நெம்புகோலை இரண்டு சக்கர இயக்கத்திலேயே வைத்துச் சில கிலோமீட்டர் ஓட்டுவது நல்லது.