'ஆளு சரியில்லப்பா'... அதுக்கு அப்புறம்? ஜி. நாகராஜன் கதைகளை எப்படிப் படிப்பது?

"ஆளு சரியில்லப்பா." ஆபீஸிலோ, டீக்கடையிலோ, வாட்ஸ்அப் குரூப்பிலோ ஒருவரைப் பற்றிய பேச்சை முடித்துவைக்க இந்த ரெண்டு வார்த்தை போதும். மதுரை எழுத்தாளர் ஜி. நாகராஜனின் (1929–1981) கதைகள் அதற்குப் பிறகுதான் தொடங்குகின்றன.

கணிதம் படித்தவர், டுடோரியலில் பாடம் நடத்தியவர். ஆனால் எழுதியது பாலியல் தொழிலாளிகள், தரகர்கள், சாராயக் குடிகாரர்கள், போலீஸிடம் அடி வாங்குகிறவர்கள் பற்றி. 'குறத்தி முடுக்கு' 1963-லும், 'கண்டதும் கேட்டதும்' சிறுகதைத் தொகுப்பு 1971-லும் வெளிவந்தன.

ஃபிளாஷ்பேக் கிடையாது

நம்ம சினிமாவில் ரவுடிக்கு ஒரு ஃபிளாஷ்பேக் இருக்கும். வறுமை, நோயாளி அம்மா, ஒரு துரோகம். உடனே நாம் அவனை மன்னித்துவிடுவோம். நாகராஜன் அந்தச் சலுகையைத் தருவதில்லை. 'உள்ளுக்குள் தங்கமான மனசு' என்றும் சொல்லமாட்டார். 'நாளை மற்றுமொரு நாளே' (1974) நாவலின் கந்தன் தரகன், குடிகாரன். மனைவி மீனாவின் சம்பாத்தியத்தில் வாழ்பவன். தனக்குப் பிறகு அவள் கதி என்ன என்று கவலைப்படுபவனும் அவனேதான். ரெண்டும் ஒரே ஆளிடம் இருக்கிறது. ஒன்று மற்றொன்றைக் கழுவிவிடுவதில்லை. வாசகருக்குச் சங்கடம் தருவது இந்த இடம்தான்.

சிறுகதைகளில் அவர் இன்னும் சிக்கனமானவர். 'டெர்லின் ஷர்ட்டும் எட்டு முழ வேட்டியும் அணிந்த மனிதர்' என்ற தலைப்பையே பாருங்கள். பெயர் இல்லை, உடுப்பு மட்டும்தான். டெர்லின் அந்தக் காலத்தில் பவுசான துணி. பாலியல் தொழில் செய்யும் தேவயானையிடம் வரும் ஒருவரை ஊர் எப்படி அடையாளம் காணுமோ, அப்படியே தலைப்பு வைத்திருக்கிறார். அந்தச் சட்டைக்குள் இருப்பது யார் என்பது நம்ம பாடு. 'ஓடிய கால்கள்' கதையில் தப்பி ஓடிப் பிடிபட்ட ஒரு கைதி போலீஸிடம் படும் பாடு வருகிறது. 'தப்பு செஞ்சவன்தானே, வாங்கட்டும்' என்று நினைத்தபடி அதைப் படித்து முடிப்பது கஷ்டம். எழுத்தாளர் பரிதாபப்படச் சொல்வதே இல்லை, நடப்பதைக் காட்டுகிறார், அவ்வளவுதான்.

எதைக் கவனிக்கலாம்?

'இவன் நல்லவனா, கெட்டவனா?' என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். காசு யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது? யார் கேள்வி கேட்கிறார், யார் பதில் சொல்லியே தீர வேண்டும்? தன்மானத்தை எந்தச் சின்ன விஷயத்தில் காப்பாற்றிக்கொள்கிறார்கள்? ஆள் யார் என்பது பெரும்பாலும் அங்கேதான் தெரியும்.

ஒரு வேடிக்கை. நாகராஜனின் குடி, அலைச்சல் பற்றிய கதைகள்தான் அவர் எழுதிய கதைகளைவிட அதிகம் பேசப்படுகின்றன. அதுவும் ஒரு 'ஆளு சரியில்லப்பா'தான். அவரோடு பழகிய சுந்தர ராமசாமி தன் நினைவோடை வரிசையில் அவரைப் பற்றித் தனி நூலே எழுதியிருக்கிறார். ஆனால் அதைப் பிறகு படிக்கலாம். முதலில் 'டெர்லின் ஷர்ட்'.