முதலாண்டிலேயே களத்தில் இறக்கலாமா?

பாப்பாரப்பட்டியிலிருந்து தருமபுரிக் கல்லூரிகளுக்குப் பஸ் ஏறும் பையன்களில் ஊரே மெச்சிய வேகப்பந்து வீச்சாளன் ஒருவனாவது இருப்பான். முதலாண்டு செலக்‌ஷனில் தேறியும் விடுவான். கையில் இருப்பது மூன்றே வருடம். அவனை உடனே ஆடவைப்பதா, ஒரு வருடம் பயிற்சியில் வைத்துப் பக்குவப்படுத்துவதா?

இதற்கான நல்ல பாடம் 2021 ஜனவரி 15 அன்று பிரிஸ்பேனில் கிடைத்தது. ஆஸ்திரேலியாவுக்கு எதிரான அந்த டெஸ்டில் தமிழர்கள் இருவர் ஒன்றாக அறிமுகமானார்கள். சுழற்பந்து வீச்சாளர் வாஷிங்டன் சுந்தருக்கு வயது 21, வேகப்பந்து வீச்சாளர் நடராஜனுக்கு 29. முதல் இன்னிங்ஸில் ஆளுக்கு மூன்று விக்கெட்.

வாஷிங்டன் 17 வயதில், 2017 ஐ.பி.எல்.லில், காயமடைந்த அஸ்வினுக்குப் பதிலாகப் புனே அணிக்குள் வந்தவர். இறுதிப்போட்டி வரை ஆடினார். அதற்கு முந்தைய ஆண்டே இந்திய ஜூனியர் அணியில் உலகக் கோப்பை ஆடியிருந்தார். அப்பாவும் கிரிக்கெட் வீரர், சின்ன வயதிலிருந்தே பயிற்சி. வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அவர் திடீரென்று வந்தவராகத் தெரிந்தார். உண்மையில் பக்குவப்படுத்தும் வேலை 17 வயதுக்குள்ளேயே நடந்து முடிந்திருந்தது.

நடராஜன் கதை நம் பையன்களுடையது. பக்கத்துச் சேலம் மாவட்டத்தின் சின்னப்பம்பட்டிக்காரர். இருபது வயதை ஒட்டும் வரை டென்னிஸ் பந்துதான். 2015 ஜனவரியில் தமிழ்நாட்டுக்காக முதல் ரஞ்சி ஆட்டம். அதிலேயே பந்து வீசும் முறை சந்தேகத்துக்குரியது என்று நடுவர்கள் புகார் செய்தார்கள். ஏறத்தாழ ஒரு வருடம் விலகி நின்று, பயிற்சியாளர்கள் துணையோடு வீச்சையே மாற்றிக்கொண்டார். தமிழ்நாடு பிரீமியர் லீக் (டி.என்.பி.எல்.) அவரை மீட்டுக் கொடுத்தது. 2017-ல் பஞ்சாப் அணி 3 கோடி ரூபாய்க்கு எடுத்து ஆறு ஆட்டங்களில் இறக்கியது, விக்கெட் இரண்டுதான். அடுத்து ஹைதராபாத் அணியில் 2018, 2019 இரண்டு சீசனும் ஓர் ஆட்டம்கூட இல்லை. ஆனால் நெட்ஸில் பந்து வீசினார். பந்துவீச்சுப் பயிற்சியாளர் முரளிதரன் பக்கத்தில் இருந்தார். 2020-ல் 16 ஆட்டம், 16 விக்கெட். யார்க்கர் என்றாலே அவர் பெயர்தான் என்றானது.

ஆகவே காத்திருப்பு நல்லதா கெட்டதா என்று மொத்தமாகத் தீர்ப்புச் சொல்ல முடியாது. காத்திருக்கும் காலத்தில் என்ன நடக்கிறது என்று கேட்க வேண்டும். எக்ஸ்ட்ரா பிளேயராகத் தண்ணீர் பாட்டில் சுமந்தே மூன்று வருடத்தைக் கழித்துவிட்டு வேலை தேடிப் போகிற பையனுக்கு நடந்தது பயிற்சி இல்லை, இழப்பு.

அமெரிக்கக் கல்லூரிகளில் இதே விவாதம் அங்குள்ள கால்பந்தை வைத்து நடக்கிறது. 1972-க்கு முன் முதலாண்டு மாணவர் பொதுவாகப் பிரதான அணியில் ஆட முடியாது. பிறகு கதவு திறந்தது. ஒரு வருடம் ஆடாமல் பயிற்சி மட்டும் எடுத்தால் ஆடத் தகுதியுள்ள ஆண்டுகளிலிருந்து அந்த வருடம் கழியாது என்ற வழக்கமும் இருந்தது. 2018-ல் அதைத் தளர்த்தி, நான்கு ஆட்டம் வரை ஆடினாலும் அந்த வருடம் கழியாது என்றார்கள். எனக்கு இது மிகச் சரியான வழியாகப் படுகிறது. களத்தின் சூடும் தெரிய வேண்டும், உடம்பும் தாங்க வேண்டும்.

உடம்பு என்பது சும்மா சொல்லும் வார்த்தை இல்லை. இளம் வேகப்பந்து வீச்சாளர்களுக்குக் கீழ் முதுகெலும்பில் நுண்முறிவு வருவது அடிக்கடி நடப்பது. அந்த எலும்பு முழுதாக உறுதிப்பட இருபது வயதைத் தாண்டியும் சில ஆண்டுகள் ஆகும். ஓவர்களைத் திடீரென்று கூட்டினால் முதலில் உடைவது அதுதான். சுழற்பந்து வீச்சாளனையும் பேட்ஸ்மேனையும் முதலாண்டிலேயே துணிந்து இறக்கலாம். வேகமாக வீசுபவனுக்கு ஓவர்களை எண்ணித்தான் கொடுக்க வேண்டும்.

கல்லூரி உடற்கல்வி இயக்குநர்களிடம் ஒரு வேண்டுகோள். செலக்‌ஷன் முடிந்த அன்றே, இந்த வருடம் எந்தெந்த ஆட்டங்களில் இறங்குவாய் என்று முதலாண்டுப் பையனிடம் சொல்லிவிடுங்கள். டென்னிஸ் பந்திலேயே வளர்ந்த அவன் கையில் முதல் நாளிலேயே ஒரு தோல் பந்தைக் கொடுங்கள்.