பத்திலிருந்து பதினொன்றுக்கு: அவசரமும் ஆபத்து, அசட்டையும் ஆபத்து

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. மறுநாள் காலை வீட்டுக் கணினியை ஆன் செய்தவர்களுக்கு எந்த வித்தியாசமும் தெரிந்திருக்காது. கரண்ட் பில் கட்ட முடிந்தது, பிள்ளையின் ஹால் டிக்கெட் பிரிண்ட் ஆனது, பழைய கல்யாணப் படங்கள் திறந்தன. நன்றாகத்தானே ஓடுகிறது என்று பலர் அப்படியே விட்டுவிட்டார்கள். இன்னொரு பக்கம், திரை முழுக்க வந்து நின்ற அறிவிப்பைப் பார்த்துப் பதறி, கையில் ஒரு நகல்கூட இல்லாமல் அப்கிரேட் பொத்தானை அழுத்தியவர்களும் இருக்கிறார்கள். இந்த இரண்டு வழியிலும் இழப்பு வந்த வரலாறு உண்டு.

முதலில், மாறாமல் இருப்பதைப் பார்ப்போம். ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை மைக்ரோசாஃப்ட் தன் பாதுகாப்புத் திருத்தங்களை வெளியிடுகிறது. விண்டோஸ் 10, விண்டோஸ் 11 இரண்டின் உள்நிரலும் பெரும்பகுதி ஒன்றுதான். 11இல் ஓர் ஓட்டை அடைக்கப்பட்டால் அதே ஓட்டை 10இலும் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. திருத்தத்துக்கு முந்தைய கோப்பையும் பிந்தைய கோப்பையும் அருகருகே வைத்து, எந்த இடம் மாறியிருக்கிறது என்று காட்டும் கருவிகள் இருக்கின்றன. ஆய்வாளர்களும் அவற்றைப் பயன்படுத்துகிறார்கள், திருடர்களும் பயன்படுத்துகிறார்கள். ஒரே தச்சர் கதவு போட்ட இரண்டு வீடுகளில் ஒரு வீட்டார் மட்டும் தாழ்ப்பாளை மாற்றினால், அடுத்த வீட்டுக் கதவில் எங்கே கை வைக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருப்பவனுக்குத் தெரிந்துபோகும். திருத்தம் வராத கணினியின் ஆபத்து ஒரே நாளில் வந்து விழுவதில்லை. மாதத்துக்கு மாதம் சேர்ந்துகொண்டே போகிறது.

இது எப்படி முடியும் என்பதற்கு 2017இல் நடந்ததைப் பார்த்தால் போதும். அந்த ஆண்டு மார்ச் 14 அன்று, விண்டோஸ் கணினிகள் ஒன்றோடொன்று கோப்புகளைப் பகிரும் பகுதியில் இருந்த ஓர் ஓட்டையை மைக்ரோசாஃப்ட் அடைத்தது. ஒரு மாதம் கழித்து, அதே ஓட்டை வழியே உள்ளே நுழைவதற்கு அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை வைத்திருந்த எடர்னல்புளூ என்ற கருவியை ‘ஷேடோ புரோக்கர்ஸ்’ என்ற கும்பல் இணையத்தில் கொட்டியது. மே 12 அன்று வான்னாகிரை என்ற பணயத் தீநிரல் கிளம்பியது. யாரும் எந்த இணைப்பையும் அழுத்தத் தேவையிருக்கவில்லை. ஒரு கணினியில் புகுந்தால் அதே வலையில் இருக்கும் அடுத்த கணினியைத் தானே தேடிப் போய்ப் பூட்டியது, திறக்க 300 டாலர் பிட்காயின் கேட்டது. பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையில் சுமார் 19,000 மருத்துவச் சந்திப்புகள் ரத்தாகியிருக்கும் என்று அந்நாட்டுத் தேசியத் தணிக்கை அலுவலகம் பின்னர் எழுதியது. 2014 ஏப்ரலிலேயே ஆதரவை முடித்துவிட்ட விண்டோஸ் எக்ஸ்பிக்கும் மைக்ரோசாஃப்ட் அவசரமாக ஒரு திருத்தம் வெளியிட வேண்டி வந்தது. பாதிக்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கணினிகள். அவற்றுக்கு மருந்து வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது, யாரும் போடவில்லை. மருந்தே வராத கணினிக்கு அந்த இரண்டு மாத அவகாசம்கூடக் கிடையாது.

ஆனால் இன்றிரவே வீடு பற்றி எரிகிறது என்பதுபோலப் பயமுறுத்துவதும் தவறு. வீட்டு ரவுட்டர் வெளியிலிருந்து வரும் நேரடித் தாக்குதலை ஓரளவு தடுக்கும். விண்டோஸ் 10இல் எட்ஜ் பிரவுசருக்கும், டிஃபெண்டரின் வைரஸ் பட்டியலுக்கும் 2028 அக்டோபர் வரை புதுப்பிப்பு தருவதாக மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. ஆன்டிவைரஸ் இருக்கிறதே, போதாதா என்று கேட்பார்கள். போதாது. தனக்குத் தெரிந்த தீநிரலை அது பிடிக்கும், இயங்குதளத்தில் இருக்கும் ஓட்டையை அதனால் அடைக்க முடியாது. ஆகவே மாறத்தான் வேண்டும், ஆனால் தயாராவதற்கு நேரம் இருக்கிறது. அந்த நேரத்துக்கு ஒரு தேதியும் உண்டு. வீட்டுப் பயனாளருக்கான நீட்டிப்புத் திட்டத்தில் பதிந்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை விண்டோஸ் 10க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். அதற்குக் கணினி 22எச்2 பதிப்பில் இருக்க வேண்டும், மைக்ரோசாஃப்ட் கணக்கு வேண்டும். 30 டாலர் கட்டலாம். கணினியின் அமைப்புகளை அந்தக் கணக்கோடு ஒத்திசைத்தால் காசே இல்லை. அமைப்புகள் மட்டும் போதும், படங்களையும் ஆவணங்களையும் மேலே ஏற்ற வேண்டிய கட்டாயம் இல்லை. ஒன்டிரைவில் இலவசமாகக் கிடைப்பது 5 ஜிபிதான். எல்லாவற்றுக்கும் ‘சரி’ சொன்னால் அது சீக்கிரம் நிரம்பி, மாதக் கட்டணம் கேட்கும்.

இனி, அவசரத்தின் விலை. 2018 அக்டோபர் 2 அன்று விண்டோஸ் 10இன் 1809 பதிப்பு வெளிவந்தது. சில நாட்களிலேயே அதைத் திரும்பப் பெற்றார்கள். காரணம், அப்டேட் முடிந்து கணினி எழுந்தபோது சிலருடைய டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் கோப்புறைகள் காலியாக இருந்தன. சி டிரைவில் இடம் போதாமல் தங்கள் டாக்குமென்ட்ஸ் கோப்புறையை டி டிரைவுக்குத் திருப்பிவிட்டவர்கள் உண்டு. நம் வீடுகளிலும் இது சாதாரணம். அப்படித் திருப்பும்போது பழைய கோப்புகளை நகர்த்தாமல் விட்டால், புதியவை டியில் சேரும், பழையவை சியிலேயே இருக்கும். முந்தைய அப்டேட்டில் இப்படிக் காலியான இரட்டைக் கோப்புறைகள் தெரிகின்றன என்று பயனாளர்கள் குறை சொன்னதால், அவற்றை நீக்கும் நிரல் 1809இல் சேர்க்கப்பட்டது. சியில் இருந்த கோப்புறை காலியாக இல்லாத கணினிகளிலும் அது நீக்கிவிட்டது. பாதிக்கப்பட்டோர் பத்தாயிரத்தில் ஒருவர் என்ற அளவுதான் என்று மைக்ரோசாஃப்ட் சொன்னது. இந்தப் பிழையை முன்னோட்டப் பதிப்பைச் சோதித்தவர்களில் சிலர் முன்பே தெரிவித்திருந்தார்கள். வெகு சிலர் எழுதியதால் அது கவனத்துக்கு வரவில்லை. திருத்திய பதிப்பு நவம்பர் 13 அன்றுதான் வந்தது. குழந்தை பிறந்ததிலிருந்து எடுத்த படங்களை இழந்த குடும்பத்துக்குப் பத்தாயிரத்தில் ஒன்று என்ற கணக்கால் ஆறுதல் இல்லை.

அதனால் நகல் எடுப்பதை நான் ஆலோசனையாகச் சொல்லவில்லை, நிபந்தனையாகச் சொல்கிறேன். நகல் இல்லாமல் அப்கிரேட் கூடாது. டி டிரைவில் போட்டு வைத்திருக்கிறேன் என்பது நகல் ஆகாது, அது பெரும்பாலும் அதே டிஸ்க்கின் இன்னொரு பகுதி. வெளி ஹார்ட் டிஸ்க்கில் போடுங்கள். வேறொரு கணினியில் செருகி நாலு படம், நாலு ஆவணம் திறக்கிறதா என்று பாருங்கள். பிறகு கழற்றிப் பீரோவில் வையுங்கள்.

அதிகம் பேசப்படாத இன்னோர் ஆபத்து டிஸ்க் குறியாக்கம். அண்மைக் காலத்தில் வாங்கிய மடிக்கணினிகள் பலவற்றில் டிஸ்க் முழுவதும் பூட்டப்பட்டே வருகிறது. விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி, மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால் பொதுவாக அது தானாகவே இயங்கிவிடும். திருட்டுப் போனால் இது நல்ல காவல். ஆனால் பயாஸில் ஏதாவது மாற்றினாலோ, சில அப்டேட்களுக்குப் பிறகோ, கணினி எழாமல் நீலத் திரையில் நின்று 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். ஆறாறு இலக்கமாக எட்டுத் தொகுதி. 2024 ஜூலை மாத அப்டேட்டுக்குப் பிறகு பல கணினிகளில் இப்படி நடந்து, ஆகஸ்டில் அதைச் சரிசெய்தார்கள். அந்தச் சாவி இருப்பது முதன்முதலில் எந்த மைக்ரோசாஃப்ட் கணக்கால் கணினியை அமைத்தார்களோ அந்தக் கணக்கில். மகன் வெளியூர் போகுமுன் தன் மின்னஞ்சலைப் போட்டு அமைத்துக் கொடுத்திருப்பான். கடைக்காரர் அங்கேயே ஒரு புதுக் கணக்கைத் தொடங்கி, பாஸ்வேர்டை யாருக்கும் சொல்லாமல் விட்டிருப்பார். அப்பாவுக்குக் குறியாக்கம் இருப்பதே தெரியாது. சாவி கிடைக்காவிட்டால் மைக்ரோசாஃப்ட்டாலும் திறக்க முடியாது, டிஸ்க்கை அழித்துப் புதிதாகத் தொடங்குவதுதான் மிச்சம். இன்றே அந்தக் கணக்கில் நுழைந்து, சாவியைப் பிரிண்ட் எடுத்து, ரேஷன் கார்டு, பத்திரங்கள் இருக்கும் கோப்பில் வையுங்கள்.

விண்டோஸ் 11க்கான தகுதி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம், டி.பி.எம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு, செக்யூர் பூட் வசதி, பட்டியலில் உள்ள பிராசஸர். இன்டெலில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்து, ஏ.எம்.டி.யில் ரைசன் 2000 வரிசையிலிருந்து சேர்த்திருக்கிறார்கள். 4 ஜிபி என்பது காகிதத்தில் மட்டும்தான், 8 ஜிபி இல்லாமல் நிம்மதியாக வேலை செய்ய முடியாது. மைக்ரோசாஃப்ட்டின் ‘பிசி ஹெல்த் செக்’ என்ற இலவசச் செயலி தகுதியைச் சொல்லிவிடும். டி.பி.எம் இல்லை என்று வந்தாலும் உடனே கைவிட வேண்டாம். பல போர்டுகளில் அது இருக்கும், ஆனால் பயாஸில் அணைத்து வைத்திருப்பார்கள். இன்டெலில் பி.டி.டி என்றும் ஏ.எம்.டி.யில் எஃப்.டி.பி.எம் என்றும் பெயர். செக்யூர் பூட் சற்று எச்சரிக்கையோடு தொட வேண்டிய இடம். பழைய முறையில் விண்டோஸ் நிறுவிய கணினியில் பயாஸை யு.இ.எஃப்.ஐ.க்கு மாற்றினால் மட்டும் போதாது, டிஸ்க்கின் பகுப்பு முறையையும் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் கணினி எழாது. விண்டோஸிலேயே அதற்கு ஒரு கருவி உண்டு, ஆனால் பழக்கம் இல்லாதவர்கள் தாங்களே இறங்க வேண்டாம்.

கணினி தகுதியானது என்பதால் அதில் ஓடும் எல்லாமே தகுதியானது ஆகிவிடாது. விண்டோஸ் 11 64-பிட் பதிப்பாக மட்டுமே வருகிறது. 32-பிட் விண்டோஸில் ஓடிக்கொண்டிருந்த மிகப் பழைய 16-பிட் நிரல்கள் இதில் ஓடாது. பழைய தமிழ்த் தட்டச்சு மென்பொருளில் பல வருடக் கோப்புகளை வைத்திருக்கும் டி.டி.பி. வேலைக்காரர்கள், கோயில் கணக்கையும் சங்கக் கணக்கையும் பழைய நிரல் ஒன்றில் எழுதி வருபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். பழைய பிரிண்டர், ஸ்கேனர், டிஜிட்டல் கையொப்ப டோக்கன் ஆகியவற்றுக்கு 11க்கான டிரைவர் இருக்கிறதா என்பதையும் அந்தந்த நிறுவனத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். அப்கிரேட் செய்த பிறகு பழையதற்குத் திரும்ப 10 நாள் மட்டுமே அவகாசம். அந்தப் பத்து நாளுக்குள் ஒரு முறை பிரிண்ட் எடுங்கள், டோக்கனைச் செருகிப் பாருங்கள், தமிழில் ஒரு பக்கம் தட்டச்சு செய்யுங்கள். வருமான வரித் தாக்கலுக்கோ கல்லூரி விண்ணப்பத்துக்கோ கடைசி நாள் நெருங்கும் வாரத்தில் இந்த வேலையைத் தொடாதீர்கள்.

தகுதி இல்லாத கணினிகளைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. 2011இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் முதல் சில ஆண்டுகளில் கிடைத்தவற்றில் இருப்பது பட்டியலில் இல்லாத பழைய பிராசஸர்கள். அவற்றில் சில இன்றும் வீட்டுக்கு ஒரே கணினியாக ஓடிக்கொண்டிருக்கின்றன. “அதெல்லாம் பாக்காதீங்க சார், எதுலயும் லெவன் போட்டுத் தர்றேன்” என்று சொல்லும் கடைகள் ஊருக்கு ஊர் உண்டு. போடலாம், ஓடவும் செய்யும். ஆனால் தகுதியில்லாத கணினிக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் உட்பட எந்த அப்டேட்டுக்கும் உத்தரவாதம் இல்லை என்று மைக்ரோசாஃப்ட் எழுத்தில் சொல்லியிருக்கிறது. திருத்தம் வர வேண்டும் என்பதற்காகத்தானே மாறுகிறோம்? 24எச்2இல் சில பழைய பிராசஸர்களில் இல்லாத கட்டளைகளைக் கட்டாயமாக்கியதால், குறுக்கு வழியில் 11 போட்டிருந்த மிகப் பழைய கணினிகள் அந்தப் பதிப்பில் எழவே முடியாமல் போயின. அதோடு, அந்தக் கடைகளில் ஆக்டிவேட் செய்யப் பயன்படும் இலவசக் கருவிகளின் போலிப் பிரதிகளில் தீநிரல் வருவது பல முறை பதிவாகியிருக்கிறது. கே.எம்.எஸ். பிகோ என்ற கருவியின் பெயரில் பாஸ்வேர்டு திருடும் கிரிப்ட்பாட் பரவியது 2021இல் வெளிவந்தது.

அப்கிரேட் அறிவிப்பின் பெயரிலேயே ஏமாற்றும் கூட்டமும் இருக்கிறது. 2022 ஜனவரியில், விண்டோஸ் 11 வழங்கலின் இறுதிக் கட்டம் குறித்த அறிவிப்பு வந்த மறுநாளே, மைக்ரோசாஃப்ட் தளத்தைப் போலவே ஒரு போலித் தளம் பதிவு செய்யப்பட்டது. அதில் ‘டவுன்லோட்’ அழுத்தியவர்களுக்குக் கிடைத்தது பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளைத் திருடும் ரெட்லைன். அப்கிரேட் எப்போதும் செட்டிங்ஸில் உள்ள விண்டோஸ் அப்டேட் வழியாகவோ, மைக்ரோசாஃப்ட்டின் சொந்தத் தளம் வழியாகவோ மட்டும்தான். “உங்கள் விண்டோஸ் காலாவதி ஆகிவிட்டது, எனிடெஸ்க் போடுங்கள்” என்று, தொலைவிலிருந்து உங்கள் கணினியை இயக்க விடும் செயலியைப் போடச் சொல்லிப் போன் வந்தால் வைத்துவிடுங்கள். மைக்ரோசாஃப்ட் யாரையும் அப்படித் தானாக அழைப்பதில்லை. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள்.

தகுதியில்லாத கணினி வைத்திருப்பவர்கள் இப்போதைக்கு நீட்டிப்பில் பதிந்துகொள்வதே சரி. 2026 அக்டோபர் 13க்குப் பிறகு அந்தக் கணினியில் வங்கி வேலை வேண்டாம். பிரவுசரும் கடிதமும் வீடியோவும் மட்டும் போதுமென்றால் லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தைப் போடலாம். காசு இல்லை, தமிழில் தட்டச்சு செய்யலாம், சுழலும் டிஸ்க்குக்குப் பதில் எஸ்.எஸ்.டி. போட்டால் பழைய கணினியும் வேகம் பிடிக்கும். டேலி கணக்கு மென்பொருள் வேண்டும் என்றால் அது லினக்ஸில் நேரடியாக ஓடாது, அந்த வீட்டுக்கு வேறு கணினி தேவைப்படும். பழையதை யாருக்காவது கொடுப்பதாக இருந்தால், ‘ரீசெட்’ செய்யும்போது ‘எல்லாவற்றையும் நீக்கு’ என்பதைத் தேர்ந்து, டிரைவைச் சுத்தம் செய்யும் வசதியையும் ஆன் செய்துவிட்டுக் கொடுங்கள். அது முடியச் சில மணி நேரம் ஆகும்.