துளையோரத்துக் காவல்



ஒரு துணியின் நடுவே சிறு துளையிட்டு, இருபுறமும் பற்றி இழுத்துப் பாருங்கள். துணி கிழியத் தொடங்குவது அத்துளையின் ஓரத்திலேதான். உலோகத்துக்கும் அதுவே விதி. அகன்ற தகடொன்றை ஒரு திசையில் இழுத்தால், அதிலுள்ள வட்டத் துளையின் விளிம்பில் தகைவு மற்ற இடத்தைப்போல் மூன்று மடங்காகிறது. ஆகாய விமானத்தின் தகடுகளைப் பிணைக்கும் தறையாணிகளும் மரையாணிகளும் இத்தகைய எண்ணற்ற துளைகளில்தான் பொருந்தியிருக்கின்றன.

விமானம் உயரே செல்லும்போதெல்லாம் அதன் உடற்கூடு சற்றே உப்புகிறது. இறங்கும்போது பழைய நிலைக்கு வருகிறது. கம்பியைப் பலமுறை மடக்கி நிமிர்த்தினால் ஒடிந்துவிடுகிறதல்லவா? அதுபோல உலோகமும் களைப்புற்று, துளையோரத்தில் மயிரிழை போன்ற வெடிப்பு பிறக்கிறது. 1954-இல் எல்பாத் தீவருகே ஒரு காமெட் விமானம் சிதறிக் கடலில் விழுந்ததற்கு இந்த உலோகக் களைப்பே காரணம். 1988-இல் ஹவாய்த் தீவுகளுக்கு மேலே, போயிங் 737 விமானமொன்றின் கூரைப்பகுதி 24,000 அடி உயரத்தில் பெயர்ந்து பறந்தது. பணிப்பெண் ஒருவர் மாண்டார். தறையாணித் துளைகளில் கிளம்பிய வெடிப்புகள் ஒன்றோடொன்று கூடியதன் விளைவு அது.

இதற்கு ஒரு பரிகாரம், துளையைக் குளிர்நிலையில் விரித்தல். குளிர்நிலை என்றால் பனிக்கட்டி வைப்பதன்று; சூடாக்காமல் வேலை செய்வதென்றே பொருள். நெடுக்கில் பிளவுள்ள மெல்லிய எஃகு உறையைத் துளைக்குள் வைத்து, அதனூடே பருத்த கோலொன்றை இழுக்கிறார்கள். துளை நூற்றில் மூன்று அல்லது நான்கு பங்கு விரிகிறது. ஓரத்து உலோகம் நிரந்தரமாக உருமாறுகிறது. அதற்கப்பாலுள்ள உலோகமோ மீண்டும் சுருங்க முயன்று, ஓரத்தை எந்நேரமும் நெருக்கிக்கொண்டே இருக்கிறது. பறக்கையில் எழும் இழுவிசை முதலில் இந்த நெருக்கத்தை வென்றாக வேண்டும். ஆகவே வெடிப்பு பிறந்தாலும் மெல்லவே வளர்கிறது.

ஆனால், அந்த நெருக்கத்தைக் கண்ணால் காண முடியுமா? முடியாது. ஒரு பணிமனையில் இளைஞர் ஒருவர் என்னிடம், "ஐயா, எல்லாம் முடிந்தபின் ஒரேயடியாகச் சோதித்தால் போதாதா?" என்று கேட்டார். துருவி, ஆணித்தலைக்குக் குழிவும் அமைத்த இரண்டு துளைகளைக் காட்டி, "இவற்றுள் விரிக்கப்பட்டது எது?" என்றேன். அவரால் சொல்ல முடியவில்லை. குறித்து வைத்திராவிடில் என்னாலும் சொல்லியிருக்க முடியாது.

ஆதலால் சோதனை படிப்படியாக நடக்கிறது. விரிக்குமுன் துளையின் விட்டத்தை அளவுமானியால் பார்க்க வேண்டும். துளை முன்னமே பெரிதாயிருந்தால் விரிவு போதாது. கோல் தேய்ந்திருந்தாலும் அதே குறைதான். பழைய விமானமாயின், சுழல் மின்னோட்டக் கருவியால் வெடிப்பு உண்டா என்றும் அப்போதே ஆராய வேண்டும். பின்னர் நெருக்கம் வெடிப்பின் உதடுகளை மூடிவிட்டால் கண்டுபிடிப்பது கடினம். விரித்தபின் மறுபடியும் அளக்க வேண்டும். உறையின் பிளவு துளைச்சுவரில் ஒரு மெல்லிய வரம்பை விட்டுச் செல்லும். அதுவே வேலை நடந்ததற்குச் சாட்சி. இறுதியாகத் துருவும்போது அச்சாட்சியும் அழிந்துபோகும். பிறகு எஞ்சுவது, பதிவேட்டில் சோதகர் இட்ட கையெழுத்து ஒன்றே.

நண்பர்களே, காணாததைக் கண்டதாக அவர் எழுதிவிட்டால், அதைத் திருத்த இன்னொருவருக்கு எளிதில் வாய்ப்பில்லை. விமானத்தில் ஏறுபவர்கள் அந்தக் கையெழுத்தை ஒருநாளும் பார்ப்பதில்லை; அதை நம்பியே பறக்கிறார்கள்.