கல்லா, உயிரா?

சுண்ணாம்பு எல்லோருக்கும் தெரிந்த பொருள். வெற்றிலைக்கு வேண்டும். சுவருக்கு வேண்டும். பதநீர் இறக்குபவர்கள் பானைக்குள் அதைத் தடவுவார்கள். தடவாவிட்டால் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும். கோபாலபுரம் பக்கத்துத் தோப்புகளில் இதைச் சொல்லித் தரவேண்டியதில்லை.

இந்தச் சுண்ணாம்பு எங்கிருந்து வருகிறது? நிலத்தில் வெட்டும் சுண்ணாம்புக் கல்லிலிருந்து வருகிறது. கிளிஞ்சலைச் சுட்டும் எடுக்கிறார்கள். தூத்துக்குடி, இராமநாதபுரம் கடற்கரையில் முன்பு இன்னொரு வழியும் இருந்தது. படகில் போய், கடலுக்குள் இருக்கும் கல்லைக் கடப்பாரையால் பெயர்த்தார்கள். கரைக்குக் கொண்டுவந்து காளவாயில் சுட்டார்கள். வீடு கட்டவும் அந்தக் கல் உதவியது.

ஆனால் அது வெறும் கல் அல்ல. அது பவளப்பாறை.

பவளப் பூச்சி மிகச் சிறிய கடல் உயிர். பல இனங்களில் ஒரு பூச்சி அரிசி அளவுதான் இருக்கும். வாயைச் சுற்றி மெல்லிய கைகள் உண்டு. கடல் நீரில் கரைந்துள்ள சுண்ணாம்பை எடுத்து அது தனக்குக் கூடு கட்டுகிறது. ஆயிரமாயிரம் பூச்சிகள் ஒட்டி வாழ்கின்றன. பழைய கூட்டின் மேல் புதிய கூடு எழும்புகிறது. அதுதான் பாறை. சில இனங்கள் ஓர் ஆண்டில் ஒரு சென்டிமீட்டர்கூட வளர்வதில்லை. அப்படியானால் ஆள் உயரப் பாறை வளர நூறு ஆண்டுக்கு மேல் ஆகும். கடப்பாரை அதை ஒரே நாளில் பெயர்த்துவிடும். (மாலையில் கோர்க்கும் சிவப்புப் பவளம் வேறு இனம்.)

பூச்சியின் உடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. அது வெயிலைக் கொண்டு உணவு தயாரிக்கிறது. வாடகை கொடுப்பதுபோல் பூச்சிக்கும் பங்கு தருகிறது. பாறைக்கு நிறம் தருவதும் பெரும்பாலும் இந்தப் பாசியே.

தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் இருந்தன. அவற்றைச் சுற்றிப் பவளப்பாறைகள் உண்டு. வயலுக்கு வரப்பு எப்படியோ, தீவுக்குப் பாறை அப்படி. அலையின் வேகத்தை அது தடுக்கிறது. அதன் இடுக்குகளில் மீன் குஞ்சுகள் ஒளிந்து வளர்கின்றன. உலகக் கடல் தரையில் பவளப்பாறை உள்ள இடம் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் கடல் உயிரினங்களில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு அதை நம்பி வாழ்கிறது.

வரப்பை வெட்டினால் என்ன ஆகும்? பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் கடலில் மூழ்கிவிட்டன. பாறையைப் பெயர்த்தது அதற்கு முக்கியக் காரணம். தூத்துக்குடிக்கு அருகில் உள்ள வான் தீவும் வெகுவாகச் சுருங்கிவிட்டது.

1986-இல் இந்தப் பகுதி கடல்சார் தேசியப் பூங்கா ஆனது. 2001-இல் பவளப்பாறைகளுக்கு வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பு கிடைத்தது. கல் எடுப்பது ஓய்ந்தது. ஆனால் தீவோரம் மூழ்கிக் கடற்பாசி பறித்துப் பிழைக்கும் பெண்களுக்கும் வழி அடைபட்டது. தடைப் பலகை வைப்பது எளிது. மாற்றுப் பிழைப்புக் காட்டுவது கடினம்.

கடப்பாரை போனாலும் வேறு தொல்லைகள் உள்ளன. இழுவலைகள் பாறையை உடைக்கின்றன. சாக்கடை நீர் கடலைக் கலக்குகிறது. வளர்ப்பதற்காகக் கொண்டுவந்த வெளிநாட்டுப் பாசி ஒன்று, 2008-இல் குருசடைத் தீவருகே பவளத்தின் மேல் போர்வைபோல் படர்ந்திருந்தது. கீழே வெயில் படவில்லை. பவளம் மடிந்தது.

எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை வெப்பம். பாலக்காட்டு வெயிலில் ஒரு டிகிரி கூடினால் மனிதர் தாங்கிக்கொள்வர். கடல் நீரில் ஒரு டிகிரி கூடிச் சில வாரம் நீடித்தால் பவளம் தாங்காது. குடியிருந்த பாசியை வெளியே தள்ளிவிடும். பாறை வெளுத்து எலும்புபோல் நிற்கும். சூடு சீக்கிரம் தணிந்தால் பிழைக்கும். இல்லாவிட்டால் பட்டினியால் சாகும். மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆண்டுகளில் இப்படிப் பெரிய அளவில் வெளுத்தது. 2024-இல் லட்சத்தீவில் வெளுத்தது. லட்சத்தீவின் நிலமே பவளம் கட்டியதுதான். நிலக்கரியும் பெட்ரோலும் எரிந்து வரும் வாயு பூமியைச் சூடாக்குகிறது. அந்தச் சூட்டில் பெரும்பகுதி கடலுக்குள்தான் போகிறது.

தூத்துக்குடியில் ஆராய்ச்சியாளர்கள் நாற்று நடுவதுபோல் பவளத்தை நடுகிறார்கள். உயிருள்ள சிறு துண்டுகளைச் சிமெண்டுப் பலகையில் கட்டிக் கடலடியில் வைக்கிறார்கள். வான் தீவின் முன்னே, அலையைத் தடுக்கச் சிமெண்டுப் பாறைகளை இறக்கியுள்ளார்கள். அவற்றின்மேல் இளம் பவளங்கள் ஒட்டி வளரத் தொடங்கியுள்ளன.